இருபது கஜம்

சட்டம் கொடி கேட்கவில்லை.
கொடியை நீக்கிப் பதினெட்டு வருஷம் ஆகிறதாம்.
ஆள் மட்டும் போதுமாம்,
வண்டிக்கு இருபது கஜம் முன்னால்
நடந்து போக ஓர் ஆள்.
ஓபெட் ஒப்பவில்லை.
வெறுங்கையோடு நடந்தால்
கடன்காரனுக்குப் பயந்து போகிறவன் மாதிரி இருக்கும் என்றான்.
என் சிவப்பு உள்பாவாடையில்
ஒரு முழம் போயிற்று.

பீர் ஆலை முதலாளி கார்சைடு
பிரான்சிலிருந்து வரவழைத்த வண்டி.
குதிரை இல்லாத வண்டி என்றார்கள்.
குதிரையின் இடத்தில்
என் புருஷன் இருந்தான்.

வாரம் பதினான்கு ஷில்லிங்.
பூட்ஸ் தேய்மானத்துக்குத் தனியாக இரண்டு பென்ஸ்.
நாட்டுச் சாலையில் மணிக்கு நாலு மைல்,
ஊருக்குள் இரண்டு.
ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போதும்
எனக்கு இருபது கஜம் முன்னால் போவான்.
கூப்பிட்டால் நிற்பான்,
திரும்ப மாட்டான்.
காதால் பார்க்கப் பழகியிருந்தான்:
இருமினால் மேடு,
விக்கினால் தண்ணீர்,
சத்தமே இல்லையென்றால்
முதலாளி இறங்கிக் கெட்ட வார்த்தை சொல்லப்போகிறார்.

ஹார்ன்காசில் சந்தையன்று
ஒரு கறுப்புக் குதிரை மிரண்டு நின்றது.
கடிவாளத்தைப் பிடித்து
அதன் காதில் ஏதோ சொன்னான்.
என்ன சொன்னாய் என்றேன் ராத்திரி.
'எனக்கும் பயம்தான் என்றேன்.'

நவம்பர் பதினான்கு, சனிக்கிழமை.
புதுச் சட்டம் பிறந்தது.
இனி முன்னால் ஆள் வேண்டாம்.
முதலாளி கெட்டவர் இல்லை.
கைகுலுக்கி அரை சவரன் கொடுத்தார்.
ஓபெட் வேலியோரம் ஒதுங்கினான்.
வண்டி அவனைத் தாண்டியது.

ஒன்றரை வருஷம் அதற்கு முன்னால் நடந்தவன்
அன்றுதான் அது போகிறதைப் பார்த்தான்.
'புகையெல்லாம் பின்னால்தான் வருகிறது, கெசியா.
எனக்குத் தெரியவே தெரியாது.'

அவ்வளவுதான் பேச்சு.
சூப் ஆடை கட்டி ஆறியது.
கொடித்துணியைக் கம்பிலிருந்து அவிழ்த்தேன்;
வெயிலும் மழையும் தின்று வெளுத்த சிவப்பு,
இனி எந்தப் பாவாடையோடும் சேராது.
கம்பை மட்டும் எடுத்துக்கொண்டு
எங்கேயோ போனான்.

விளக்கேற்றும் நேரம்.
சாலையில் குளம்புச் சத்தம்.
சன்னலைத் துடைத்துப் பார்த்தேன்.
ஹல்லமின் கிழட்டுப் பெண்குதிரை
கயிற்றில் கட்டி இழுத்து வருகிறது
சங்கிலி அறுந்த அந்த வண்டியை.
மேலே முதலாளி,
மீசை வரைக்கும் சேறு.

குதிரைக்கு முன்னால்,
அளந்து வைத்ததுபோல் இருபது கஜத்தில்,
கம்பை நிமிர்த்திப் பிடித்தபடி ஓபெட்.

'வேண்டாமப்பா!' கத்துகிறார் கார்சைடு,
'அந்தச் சட்டம் போய்விட்டது!
காசும் கிடையாது!'

நடையை மாற்றாமல்,
திரும்பாமல் சொன்னான்:

'நான் வீட்டுக்குப் போகிறேன் ஐயா.
வழி ஒன்றுதான்.'