கொரோனா பாஸ்

எழுதாத இயற்பியலில்
எனக்கு எழுபதுக்கு அறுபத்தாறு.
"கொரோனா பாஸா?" என்று சிரித்தார்
முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு
ரேஷன் கடை எடையாளர்.

அதற்கப்புறம் தூக்கமில்லை.
ஐந்து இரவும் வெண்ணாறு
காதுக்குள்ளேயே ஓடியது.

ஆறாம் நாள் மெஹராஜிடம் கேட்டேன்:
ஒரு கேள்வித்தாள் போடேன், கஷ்டமாக.
நாகூரிலிருந்து
கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பினாள்.
அடியில் ஒரு குறிப்பு:
தேர்வர் அழக்கூடாது.

கொரடாச்சேரி கொள்முதல் நிலையத்தில் ஆளில்லை.
காலிச் சாக்கு அடுக்கின் மேல் உட்கார்ந்தேன்.
காலை பத்து மணி.
மேற்பார்வைக்கு ஒரு மடையான்.

லென்சு சமன்பாடு வரவே இல்லை.
இரண்டு பக்கம் அப்படியே விட்டேன்.
அடித்து, திருத்தி, திரும்ப அடித்து,
நெல்தூசியில் தும்மி,
தும்மியதும் பயந்து
சாக்கை மோந்து பார்த்து
(வாசனை வந்தது)
எழுதினேன்.

மெஹராஜ் கறார்.
நாற்பத்தொன்பதுதான் போட்டாள்.

அன்று விளக்கு வைப்பதற்குள்
தூங்கிவிட்டேன், சாப்பிடாமல்கூட.
அந்த நாற்பத்தொன்பது
என்னுடையது.
விட்ட இரண்டு பக்கமும்தான்.