பத்தி ஏழு: கண்டடைந்தவை

சரகோசா. மூன்றாம் மாடி. பணியாளர் பிரிவு.
ஆறாண்டுக்கு ஒருமுறை
ஆய்வாளர்களின் படிவம் என் மேசைக்கு வரும்.
இயற்பியல் எனக்கு எட்டாது.
கட்டம் நிரம்பியிருக்கிறதா, கையெழுத்து உண்டா,
அதோடு என் வேலை தீர்ந்தது.

ஒரோசியா லகாஸ்தாவின் படிவத்தில்
ஏழாம் பத்தி காலி.
முந்தைய ஆறாண்டிலும் காலி.
அதற்கு முந்தியதைத் தூசி தட்டிப் பார்த்தேன்,
அதிலும்.

இணைப்பு மட்டும் அனுமார் வால்:
இருபத்து மூன்று கட்டுரைகள்,
கிட்டத்தட்ட ஒரே தலைப்பு.
கரும்பொருள் மோதலுக்கு ஒரு மேல்வரம்பு.
மேம்பட்ட மேல்வரம்பு.
மேம்பட்ட மேல்வரம்பு: ஒரு திருத்தம்.

தொலைபேசியில் கேட்டேன்,
டாக்டர், என்னதான் கண்டீர்கள்?
மலைக்கு அடியிலிருந்து பேசினாள்,
கிணற்றில் விழுந்த வாளி போல் குரல்.
"இவ்வளவு கனமாக இருந்து
இத்தனை முறை மோதியிருந்தால்
என் படிகம் மின்னியிருக்கும்.
மின்னவில்லை.
ஆக அது அந்த இடத்தில் இல்லை.
இன்னும் ஒதுங்கிப்போய்த் தேட வேண்டும்."

வெறுங்கை முழம் போடாது என்பார்கள்.
இவள் இருபத்தாறு வருடம்
வெறுங்கையால்தான் முழம் போட்டிருக்கிறாள்,
போட்ட முழம் ஒவ்வொன்றுக்கும்
பிழை எவ்வளவு என்றும் எழுதிவைத்து.

ஆதாரம் வேண்டும் என்றேன்.
வெள்ளிக்கிழமைப் பேருந்தில்
ஒரு பெட்டி குறிப்பேடுகள் வந்தன.

*கைவிட்ட ரயில் சுரங்கம். தலைக்கு மேல் மலை முழுதும்.
கவசத்துக்கு ஈயம் வந்தது, மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்தது.
இரண்டாயிரம் வருடம் கடலில் கிடந்து அடங்கிய ஈயம்.*

*பனி. சாலை மூடல். ஆறாம் நாள்.
படிகங்கள் நலம். ரொட்டி தீர்ந்தது.*

*வாழைப்பழத்தை உள்ளே கொண்டுவந்தது யார்?
பொட்டாசியம்!
தோலைக்கூட விடாதீர்கள்.*

பிறகு 2011, மே மாதம்.
பென்சிலில் ஒரு சின்ன மேடு.
பதினொரு மின்னல்கள்,
வேண்டிய உயரத்தில், வேண்டிய இடத்தில்.
கீழே இரண்டு நாளுக்கு எதுவுமில்லை.
மூன்றாம் நாள்: *யாரிடமும் சொல்லவில்லை.*

ஜூலை: *முப்பத்து நான்கு.*
அக்டோபர்: *பாம்ப்லோனாவிலிருந்து இருவர் வந்தார்கள்.
கொண்டுவந்த ஒயினைத் திறக்கவிடவில்லை.
துடைப்ப அலமாரியில் இருக்கிறது.*

பதினான்கு மாதம் அந்த மேட்டைச் சந்தேகித்திருக்கிறாள்.
வெப்பம், கம்பி, மென்பொருள், தன் கண்.
ஒவ்வொன்றையும் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி.
ஒரு பக்கம் முழுக்க *ஏன் கூடாது* என்று மட்டும்.

அப்புறம் ஃபெர்மின் அபாதியாஸ்,
குழாய் பொருத்துபவர்,
தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தானாகவே வந்திருக்கிறார்.
அந்த மார்ச்சில் நைட்ரஜன் குழாய்க்கு
சரியான ரப்பர் வளையம் கிடைக்காமல்
தன் வண்டியில் கிடந்த ஒன்றைப் போட்டுவிட்டாராம்.
மயிரிழை இடைவெளி.
அது வழியே சுரங்கக் காற்று,
காற்றில் ரேடான்,
பாறை விட்ட மூச்சு.

வளையத்தை மாற்றினார்கள்.
மேடு தரையானது.

பதினாறாம் கட்டுரையின் நான்காம் ஆசிரியர்:
ஃ. அபாதியாஸ்.
இவருடைய பட்டம் என்ன என்று
மேலிடம் கேட்டிருந்தது. நானும் கேட்டேன்.
"அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால்
எனக்கு நீங்கள் ஃபோன் செய்ய வேண்டியிருக்காது,
செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்," என்றாள்.
சிரித்தாளா, இருமினாளா தெரியவில்லை.

ஏழாம் பத்தியைக் கணினி
காலியாக விடாது.
பூஜ்ஜியம் போட்டுவிடட்டுமா?
"ஐயோ, வேண்டாம்!"
அன்றுதான் குரல் உயர்ந்தது.
"பூஜ்ஜியம் என்று யார் சொன்னது?
இதற்குக் கீழே. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."
ஓர் எண்ணைச் சொன்னாள்,
புள்ளிக்குப் பிறகு நாற்பத்தைந்து சுழி.
அதற்கு முன்னால், மறக்காமல்,
பக்கவாட்டில் வாய் திறந்த அந்தச் 'சிறியது' குறி.

குறியைக் கணினி ஏற்கவில்லை.
அச்செடுத்துப் பேனாவால் போட்டேன்.
சுழிகளை இருமுறை எண்ணினேன்.

பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது
ஓட்டுநர் ஒருபக்கம் தூக்கிப் பார்த்து
உள்ளே என்ன, இந்தக் கனம் என்றார்.
சீட்டில் 'காகிதம்' என்று எழுதினேன்.