வாலின் ஓரம்

குவால்டர் கூப்பிட்டபோது இரவு பத்து.
படகு கழுவிய ஈரம் இன்னும் குரலில்.
"ஸுல்மீரா, உன் பக்கம் திறப்பதற்குள்
திமிங்கலம் முங்கி, கணவாய் தின்று,
ஏப்பமும் விட்டு மேலே வந்துவிடுகிறது."

சிரித்தேன். அப்புறம் எண்ணிப் பார்த்தேன்.
இருநூற்றுப் பதினான்கு வால்கள்,
ஆளுக்கு ஆறு மெகாபைட்.
லாஜெஸ் துறைக்குத் தெற்கே ஒன்பது மைலில்
அவன் போனில் ஒற்றைக்கோடு சிக்னல்,
அதுவும் அலை தூக்கும்போது மட்டும்.
அந்த ஊசிக்காதில்
மொத்தக் கூட்டத்தையும் நுழையச் சொல்லியிருக்கிறேன்.

நமக்குக் கைரேகை, அவற்றுக்கு வாலோரம்.
கிழிசல், பல்பட்ட வடு, அரைவட்டக் கடி.
முங்கும்போது இரண்டு இமைப்பொழுது விரியும்,
அதற்கப்புறம் முக்கால் மணிநேரம் வெறும் கடல்.

இந்த ஜூனில் ஒருத்தி
கயிறு சுற்றிய உடம்போடு திரிகிறாள்.
அறுத்துவிட ஆளும் கத்தியும் ஓர்த்தாவில் தயார்.
யாரென்று தெரிந்தால்
எந்தக் கூட்டம், எந்தப் பள்ளத்தில் மேயும்
என்று தெரியும். படகு போகும்.

இரண்டு நாள் வீட்டைவிட்டு இறங்கவில்லை.
கேமரா ஒவ்வொரு படத்தின் மடியிலும்
ரகசியமாய்க் கட்டிவைத்திருந்த மூட்டைகளை அவிழ்த்தேன்:
லென்ஸின் பெயர், பகலின் ஒளி, பேட்டரியின் வயது.
நாலாயிரம் புள்ளி அகலத்தை எண்ணூறாக்கினேன்.
விரல் வந்து நிற்கும்வரை
அடுத்த படம் கிளம்பாதே என்றேன்.
வராத படத்துக்கும் இடம் பிடித்துவைத்தேன்,
பக்கம் பாதியில் துள்ளாதிருக்க.
ஆறு மெகாபைட் இருபது கிலோபைட் ஆனது.
இரண்டு நொடிக்குள் திறந்தது.
கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு
சாவோ ஜோர்ஜ் பாலாடைக்கட்டியில்
பெரிய துண்டாய் வெட்டித் தின்றேன்.

மறுநாள் மதியம் கடலிலிருந்து போன்.
"வேகம் பிரமாதம்."
காற்று. எஞ்சின். யாரோ ஜெர்மன் பயணி வாந்தியெடுக்கும் சத்தம்.
"ஆனால் எண்பத்தெட்டும் நூற்றுமுப்பத்தொன்றும்
இப்போது ஒரே ஆள்."

பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
131: இடது நுனியில் நகம் அளவு ஒரு வெட்டு.
சுருக்கும் கணக்கு அதைத் தூசி என்று நினைத்திருக்கிறது.
பின்னால் சிதறிய நுரையை மட்டும்
துளித்துளியாய்க் காப்பாற்றிவைத்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாததை எறிவதுதான்
இந்தத் தொழிலின் சூட்சுமம்.
யார் கண்ணுக்கு என்று
நான் கேட்டதே இல்லை.

அன்றிரவு தலைகீழாய்த் தொடங்கினேன்.
வானத்தை எடுத்தேன். நீரை எடுத்தேன்.
பறவை, நுரை, தூரத்து மலை,
கறுப்புத் தோலின் பளபளப்பையும் எடுத்தேன்.
மிச்சம் ஒரு கோடு.
வெள்ளைமேல் கறுப்பாய் வாலின் ஓரம் மட்டும்,
கிழிசல் கிழிசலாகவே.
நாலு கிலோபைட்.
இருநூற்றுப் பதினான்கும் சேர்ந்து
பழைய வால் ஒன்றின் எடைகூட இல்லை.
துறையிலேயே போனுக்குள் இறக்கிக்கொண்டால்
கடலில் சிக்னலே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை, பதினொன்று இருபது.
"நூற்றுமுப்பத்தொன்று" என்றான். வைத்துவிட்டான்.
ஓர்த்தா படகு போனது.
மாலையில் கயிறு வந்தது, பதினேழு மீட்டர்,
பச்சை நைலான், பாசி மணத்தோடு.
அவளை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை.

முழுப்படங்களை நான் அழிக்கவில்லை.
பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் ஓர் இணைப்பு.
யாரும் தொடமாட்டார்கள் என்று நினைத்தேன்.

சர்வர் குறிப்பில் ஒரு வரி
இப்போது அடிக்கடி வருகிறது:
லாஜெஸிலிருந்து, பின்னிரவு இரண்டேகால்,
131, முழு அளவு, ஆறு மெகாபைட்.
இறங்க நாற்பத்தொரு நொடி.
ஒருமுறைகூட
பாதியில் மூடியதில்லை.