உப்புநீர்க்காரி

கிழட்டு எலி விலைக்கும் கிடைக்கும்.
எங்கள் கூடத்துக்குக் கட்டுப்படியாகாது.
அதனால் தார்த்து நகரத்தில், தரைக்குக் கீழே,
நான்தான் முதுமையை வளர்க்கிறேன்.

இரண்டு குளிர்காலம் பிடிக்கும்.
தண்ணீர்க் குப்பி, ஆஸ்பென் மரத்தூள்,
பன்னிரண்டு மணி வெளிச்சம், பன்னிரண்டு மணி இருட்டு.
மேலே ஆறு உறைந்தது, வெடித்தது, மறுபடி உறைந்தது.
கீழே யாருக்கும் பருவம் கிடையாது.
முதுகு ரோமம் மங்கிற்று.
கம்பியில் தொற்றி ஏறுவதை ஒவ்வொன்றாய் விட்டன.
எந்த நாளில் என்று நான் குறித்துவைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை ரைவோ வந்தான், பட்டியலோடு.
"ஹில்யா, இவை தயாரா?"
கம்பு ரொட்டி வெந்ததா என்று கேட்பதுபோல.

தொடை எலும்பு. மயக்கத்தில்தான்.
ஒரு சிறிய எடை விழும்.
சேமியாவை ஒடித்தால் வருமே, அவ்வளவு சத்தம்.
உள்ளே கம்பி, வெளியே இரண்டு தையல்,
எட்டு மணிக்கொரு தரம் வலி மருந்து.
இரவுத் தவணை என்னுடையது.

இளசுகளுக்கு மூன்று வாரத்தில் கூடிவிட்டது.
எக்ஸ்ரேயில், கயிற்றில் போட்ட முடிச்சுபோல ஒரு புடைப்பு.
என் கிழடுகளுக்கு
நடுவில் கறுப்புக் கோடு,
சரியாகச் சாத்தாத கதவு.

மூலச்செல்கள் தீர்ந்துபோயினவா என்று கேட்டேன்.
இல்லையாம்.
குறைந்திருக்கின்றன, ஆனால் மஜ்ஜைக்குள் இருக்கின்றனவாம்.
எலும்பாக வேண்டிய வேளையில்
கொழுப்பாகிவிடுகின்றனவாம்.
சுற்றிலும் ஓயாத அழற்சி.
அந்த இரைச்சலில்
உடைந்த இடம் கூப்பிடுவது காதில் விழாது என்றான்.
திரையில் வெள்ளை வெள்ளையாய்க் குமிழிகள்.
அழகாகத்தான் இருந்தன,
அதையும் சொல்லவேண்டும்.

பாதிக்கு மருந்து. பாதிக்கு வெறும் உப்புநீர்.
எதற்கு எது என்று ஊசி போடுகிறவளுக்குத் தெரியக்கூடாது.
தெரியாமல்தான் போட்டேன்.
பதினேழாம் நாள்
மூன்றாம் தட்டில், இடக்காதில் வெட்டுள்ள ஒருத்தி
பின்னங்கால் இரண்டிலும் எழுந்து நின்று
குப்பியை எட்டிக் குடித்தாள்.
ஓகோ, மருந்து உனக்குத்தானா என்று நினைத்துக்கொண்டேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

ஆறியிருக்கிறதா என்று அறிய
மறுபடி உடைத்துப் பார்க்கவேண்டும்.
பதினோரு வருடமாய் இது எனக்குத் தெரியும்.
வாயுவைத் திறந்துவிடும் கையும் என்னுடையதுதான்.
அதன்பின் மேல்மாடியில், இரண்டு தாங்கிகளின்மேல்
தீக்குச்சியைவிடச் சிறிய எலும்பு.
நடுவே ஓர் உலோக மூக்கு இறங்குகிறது,
இறங்குவதே தெரியாமல்.
கோடு ஏறுகிறது.
ரைவோ நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நிற்கிறான்.
ஏறுகிறது.
உடைந்தது.
பழைய இடத்தில் அல்ல,
அதற்கு ஒரு மயிரிழை தள்ளி.

மருந்து வாங்கிய பதினொன்றில் ஏழு அப்படித் தாங்கின.
ரைவோ யாருக்கோ போன் செய்யப் போனான்.
நான் பட்டியலைத் திறந்து
காது வெட்டுள்ளவளைத் தேடினேன்.
உப்புநீர்.
கறுப்புக் கோடு அப்படியே இருந்தது அவளுக்கு.
மூடாத எலும்பின்மேல்தான்
எழுந்து நின்றிருக்கிறாள்,
தாகத்துக்கு.

வெளியே வந்தபோது நடைபாதையெல்லாம் பனிக்கட்டி.
சரளை தூவியிருந்தார்கள், பாதித் தெருவுக்கு.
போன மார்ச்சில் தட்டு வைத்த மணிக்கட்டைச்
சட்டைப்பைக்குள் சொருகிக்கொண்டு
குதிகால் பதிக்காமல் நடந்தேன்.
இடுப்பெலும்பின் அடர்த்தி பற்றி மருத்துவமனைக் கடிதம் ஒன்று
நாலு நாளாய்ச் சமையலறையில் கிடக்கிறது.

இன்று காலை ஆறாம் தட்டில் ஒன்பது குட்டிகள்.
ரோமமில்லாமல், கண் திறக்காமல்,
வயிற்றில் பால் வெள்ளையாய்த் தெரிய.
அட்டையில் பிறந்த தேதியைப் பேனாவால் எழுதினேன்.
தேவைப்படும் தேதி என்றொரு கட்டம் இருக்கிறது அடியில்.
அதையும் நிரப்பினேன்,
பென்சிலால்.