நலவரவு

பெரிக் குளோரைட் பிளேன்டீ நிறம்.
வேலைக்குச் சேர்ந்த வாரம் சுரங்க தொட்டியை எட்டிப் பார்த்து
"அக்கா, சீனி போட்டாச்சா?" என்றான்.
அன்றைக்கே மண்டையோடு வரைந்து ஒட்டினேன்,
கீழே மூன்று மொழியிலும் குடிக்காதே,
பிழையில்லாமல்.

ஆமர் வீதிக்குப் பின்னால்
டயர்க் கடைக்கும் சவப்பெட்டிக் கடைக்கும் நடுவில் பட்டறை.
தொழில் ஒரு வரியில் சொல்லலாம்:
மூடியது மிஞ்சும், திறந்தது தின்னப்படும்.
உருக்குத் தகட்டில் தார் பூசிக் காயவிட்டு
ஊசியால் கீறினால்
கீறிய இடத்தில் மட்டும் அசிட்டுக்குப் பல் முளைக்கும்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு வங்கித் தலைமையகம்.
வாசலுக்கு ஆறடித் தகடு.
மேலே சிங்களம், நடுவே தமிழ், அடியில் ஆங்கிலம்,
சுற்றிலும் கொடி வேலைப்பாடு.
மாதிரியை அனுப்பியிருந்தார்கள். திறந்தேன்.

நலவரவு.

லகரத்தின் தலையில் புள்ளி இல்லை.
கணினி விட்டுக் கணினி மாறும்போது எங்கோ உதிர்ந்திருக்கிறது,
கோட்டையில் பஸ் மாறும்போது
தெறித்து விழுகிற சட்டைப் பொத்தான் மாதிரி.
வங்கிதானே, வரவென்றால் அவர்களுக்கு நலம்தான்
என்று சிரித்துவிட்டு
அழைத்தேன்.

ஹேவாகே மரியாதையான மனிதர்.
"மிஸ் யூஜினி, எழுத்து போர்டில் பாஸாகிவிட்டது.
ஏழு கையெழுத்து. அதில் கை வைக்க வேண்டாம்.
கொடி உங்கள் இஷ்டம்."

ஏழு பேரில் ஒருவருக்குமா வாசிக்கத் தெரியாது?
தெரிந்த ஒருவர் இருந்திருப்பார்.
கூட்டம் முடிகிற நேரம், பசி,
வெளியே ஹைலெவல் வீதி நெரிசல்,
பேனையை எடுத்திருப்பார்.
நானும் எடுத்திருக்கிறேன் அப்படி,
வேறு காகிதங்களில்.

கொடி என் இஷ்டம்.

இரவு ஒன்பது மணிக்கு ஊசியைப் பிடித்தேன்.
இடது மூலையில் கிளம்பிய தண்டு
சிங்கள வரியின் வட்டங்களில் முட்டாமல் வளைந்து இறங்கி
தமிழ் வரிக்கு மேலே வந்ததும்
ஒரு சுருள் விட்டேன், மயிரளவு.
சுருளின் நுனியில்
கடுகளவு ஒரு மொட்டு,
லகரத்தின் உச்சிக்கு நேரே.

புள்ளி பெற்றால்தான் அது மெய்.
பெறாவிட்டால்
அழையாத அகரம் ஒன்று வந்து ஏறிக்கொள்ளும்.

தகட்டை முகம் குப்புறத் தொட்டிக்குள் இறக்கினோம்,
தின்று துப்பிய சேறு தானே கீழே போக.
பன்னிரண்டாம் நிமிடம் கரண்ட் போனது.
காற்றாடி நின்றது. மூக்கில் இரத்த வாடை.
சுரங்க ஃபோன் வெளிச்சத்தைப் பிடிக்க
நான் நிமிடங்களை வாயால் எண்ணினேன்.
அசிட்டுக்குக் கரண்ட் வேண்டாம்.
இருட்டில் அது தன்பாட்டில் தின்றது
மூன்று மொழியையும்
ஒரே ஆழத்துக்கு.

அப்பச்சோடாத் தண்ணீர் நுரைத்து அடங்கியது.
மண்ணெண்ணெயில் தாரைத் துடைக்கத் துடைக்க
சாம்பல் கோடுகளோடு தகடு வெளியே வந்தது.

சுரங்கவுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆனால் கண் உண்டு.
"அக்கா, இந்தப் பக்கம் மொட்டு,
அந்தப் பக்கம் இல்லையே."
"அந்தப் பக்கம் தேவையில்லை."
கொஞ்ச நேரம் பார்த்தான்.
விரலால் மொட்டைத் தொட்டான், எழுத்தைத் தொட்டான்.
"ஆ" என்றான்.

வங்கி ஆட்கள் அளவுநாடாவோடு வந்தார்கள்.
பில்லில் இரண்டாயிரத்து ஐந்நூறு வெட்டு:
அலங்காரம் சமச்சீராக இல்லை.
ஒரு புள்ளிக்கு அது அதிகமா குறைவா
எனக்குத் தெரியவில்லை.
அந்த மாதம் கையுறை வாங்கவில்லை.

போன வியாழன் அவர்களுடைய காசோலையை
அவர்களிடமே மாற்றப் போனேன்.
தகட்டின் முன்னால் நின்றேன்.
ஒரு அம்மா மகளை இழுத்துக்கொண்டு கடந்தார்.
ஹெல்மெட்டைக் கழற்றிய ஒரு பையன்
மொட்டுக்குப் பக்கத்தில், தின்னப்படாத பளபளப்பில்
தலை சீவினான்.
நல்வரவு என்று யாரும் நின்று வாசிக்கவில்லை.
பிழை இருந்திருந்தால்
யாராவது நின்றிருப்பார்கள்.

காவலாளி வந்து
டோக்கன் எடுத்தீர்களா என்றார்.
எடுக்கவில்லை.
எடுத்தேன்.