இரவுக் காவல், ராஞ்சி

ஏ.டி.எம். அறையின் ஒரே நாற்காலி என்னுடையது.
மடியில் வங்கித் தேர்வுப் புத்தகம்,
அட்டையும் முதல் ஏழு பாடங்களும் போனது.

ஜனவரி. ஏ.சி.யை அணைக்க எனக்கு உரிமையில்லை.
நாற்பத்தோராம் பயிற்சி:
லிட்டில் என்றால் ஏறக்குறைய ஒன்றுமில்லை;
முன்னால் ஓர் ‘அ’ போட்டால்
கொஞ்சம் இருக்கிறது.
வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன்,
ஆவியாக வருகிறது.

இரண்டரைக்கு ஜோகன் மின்ஜ் வந்தார்,
காதுவரை செங்கல் தூசி.
இந்திப் பொத்தான் தேய்ந்துவிட்டதால்
இயந்திரம் அவரிடமும் இங்கிலீஷே பேசியது.
“என்ன சொல்லுது பாபு?”

இன்சஃபிஷியன்ட்.
நேற்றுத்தான் மனப்பாடம் செய்தேன்,
அதே பொருளில் இன்னும் நான்கு சொற்களோடு.

ஐந்நூறு கேட்டார். அதே சொல்.
இருநூறு.
நூறு.
ஒவ்வொரு முறையும் திரும்பி
என் முகத்தைப் பார்த்தார்,
விடைத்தாள் திருத்துகிறவன் போல நான் நின்றேன்.

கடைசியில் எங்கள் குடுக் மொழியில் சொன்னேன்,
இல்லை என்று, ஒரே சொல்லில்.
“இதுக்கா அவ்வளவு நீளம்?”
சிரித்துவிட்டார்.

படியில் உட்கார்ந்து பீடி கேட்டார்.
ஒன்றுதான் இருந்தது.
முதலில் அவர் இழுத்தார்.