காரணம் சொல்லாமல்

கம்பம்மெட்டு ஏறும் ஜீப்புகள்
காலை நாலே முக்காலுக்கு உறுமத் தொடங்கும்.
என்னிடம் பதினேழு பக்கம் இருக்கும்,
அவர்களிடம் பத்து நிமிஷம்.

ஏலக்காட்டுக்குப் போகிறவர்களிடம்
காசநோய்க்குப் புது ஊசி, சோதனை என்று ஆரம்பித்தால்
"எலிக்குப் போட்டுப் பாத்தாச்சா?" என்பார் சுருளிவேல்.
பாத்தாச்சு என்பேன்.
"எலி என்ன சொல்லுச்சு?"
ஜீப் முழுக்கச் சிரிப்பு.
அந்தச் சிரிப்பிலேயே ரெண்டு பேர்
படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள்.
அவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

மொக்கச்சாமிக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும்:
பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி என்றால்
தனக்கு விழுவது எது?
எனக்குத் தெரியாது, ஊசி போடுகிற டாக்டருக்கும் தெரியாது.
"யாருக்குமே தெரியாதத எங்கிட்ட வந்து கேக்குறியாக்கும்"
பீடியை மிதித்து அணைத்துவிட்டு ஏறிக்கொண்டார்.
கேட்கத்தான் வந்தேன்.

பவுன்தாய் மட்டும் முழுசாக வாசிக்கச் சொன்னாள்.
ஒரு விடியலுக்கு நாலு பக்கம்,
டார்ச் அவள் கையில்.
செத்தால் எவ்வளவு என்பதற்குக்கூட
தலையை மட்டும் ஆட்டினாள்.
ஐந்தாம் நாள் கடைசிப் பக்கம்.
"ஆய்வில் சேர்ந்தவர் எப்போது வேண்டுமானாலும்
காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்."
நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

"நில்லு. திரும்பப் படி."
படித்தேன்.
"காரணம் சொல்லாமலா?"
ஆமா.
"ஒருநா லீவுக்கு கங்காணிகிட்ட
இல்லாத சாவ உண்டாக்கிச் சொல்றேன்.
தாலி கட்டுனவன் வீட்டவிட்டு வந்தப்ப
ஊரே ஒக்காந்து காரணம் கேட்டுச்சு.
இப்பிடி ஒரு வார்த்தைய
எனக்கு யாரும் எழுதித் தந்ததில்லயே."

மைப்பெட்டியைத் திறந்தேன்.
காய் கிள்ளிக் கிள்ளி ரேகை தேய்ந்த பெருவிரல்.
முதல் தடவை வெறும் ஊதா வட்டம்.
அடுத்ததும்.
மூன்றாவதில் ஓரமாக நாலு கோடு விழுந்தது.
சாட்சிக்கு டிரைவர் ஷாஜி,
மலையாளத்தில்.

ஊசி போட்ட மறுநாள் வீங்கிய கையைக் காட்டினாள்.
"தண்ணிக்கு வீங்குமா?"
சிலருக்கு வீங்கும் என்றேன்.
"அப்ப தண்ணியாவே இருந்துட்டுப் போகட்டும்.
தண்ணிப் பக்கமும் ஆளு வேணும்ல."

இரண்டு தடவை ரத்தம் கொடுக்க வந்தாள்.
மூன்றாவதுக்கு இல்லை.
போன் செய்தேன், எடுத்தாள்.
"வரல," என்றாள்.
பின்னால் இருமல் சத்தம் எதுவும் கேட்கவில்லை,
காட்டுக்குள் யாரோ யாரையோ கூப்பிட்டது தவிர.
ஏன் என்று நாக்கு நுனிவரை வந்தது.
சரிக்கா, என்று வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஜீப்பின் பின்பலகையில் பார்த்தேன்,
தூக்குவாளி மடியில்.
கை ஆட்டினாள். ஆட்டினேன்.

படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது,
விலகியதற்கான காரணம்.
காலியாக அனுப்பினேன்.
தேனி ஆபீசிலிருந்து
இதுவரை ரெண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.